ராக்காயியின் அப்பீல்

திருச்சி,
12-6-1949

மாப்ளே நாகராசு,

புதுக்கோட்டையை விட்டு நான் கிளம்பி வந்து ஒரு வருசம் ஓடிப்போச்சு. நீ ஒரு கார்டுகூடப் போடல. சமஸ்தானம் இந்தியாவோட சேர்ந்த மறுநாளே ஜெய்னுலாப்தீன் மூட்டையைக் கட்டிட்டான், திருச்சி ஜில்லா கோர்ட்டு வாசல்ல போய் ஒட்டிக்கிட்டான்னு நீ வக்கீல்கள் ரூம்ல உட்கார்ந்து பேசினது என் காதுக்கு வந்துச்சு. பேசிக்க. நம்ம ஊர் அப்பீல் எல்லாம் இங்க வர ஆரம்பிச்சப்புறம் நான் அங்க உட்கார்ந்து யார் முகத்தைப் பார்க்கிறது? எனக்கும் பிள்ளைகுட்டி இருக்குல்ல.

இப்ப எழுதுற விசயம் வேற. ராஜா காலத்துச் சட்டமெல்லாம் ஒவ்வொண்ணாப் போகுது. இனிமே மெட்ராஸ் சட்டம்தான், இந்தியச் சட்டம்தான். மேலாகப் பார்த்தா ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். உள்ளே போனா எங்கிட்டாவது காலை வாரி விட்டுரும். தினம் பார்க்கிறேன். நம்ம ஆளுக எழுதி அனுப்புற மனு குறையோட திரும்பி வருது. எழுதின வக்கீல் புதுக்கோட்டையில சௌக்கியமா இருக்கான். கட்சிக்காரன் இங்க வராண்டாவுல தலையில கையை வச்சு உட்கார்ந்திருக்கான். பார்க்கச் சகிக்கல மாப்ளே.

அதனால ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அங்க வரலாம்னு இருக்கேன். கீழ ராஜ வீதியில ஒரு அரிசி மண்டி மாடி கிடைச்சிருக்கு. காலையில ரெண்டு மணி நேரம், வாரத்துக்கு ஒரு சட்டம். தொழில் பண்ற வக்கீல்களுக்கு மட்டும்தான், பீஸ் எதுவும் கிடையாது. நான் வாத்தியார்னு சொல்லிக்கிட்டு வரல. எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்றேன், உங்களுக்குத் தெரிஞ்சதை நீங்க சொல்லுங்க. நீ வந்து உட்கார்ந்தா மத்தவங்க தானா வருவாங்க. அந்த ஊர்ல உன் பேச்சுக்கு இருக்கிற மதிப்பு எனக்குத் தெரியாதா?

தங்கச்சி சொர்ணவல்லியை எங்க வீட்டுல ரசியா பேகம் ரொம்ப விசாரிச்சதாச் சொல்லச் சொன்னா. வந்துரு.

ஜெய்னு


புதுக்கோட்டை,
20-6-1949

திருச்சிராப்பள்ளி ஜில்லா கோர்ட்டு மகாவித்துவான் ஜெய்னுலாப்தீன் சமூகத்துக்கு,

கடுதாசி வந்து சேர்ந்துச்சு. சொர்ணவல்லிகிட்டக் காட்டினேன். "அண்ணன் இம்புட்டுத் தூரம் கூப்பிடுறாரே, போய்ட்டுத்தான் வாங்களேன்"ங்குது. அதுக்கு என்ன தெரியும்?

ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லு. நீயும் நானும் ஒரே வருசம் வக்கீல் சன்னது வாங்கினவங்க. சமஸ்தானத்துச் சீப் கோர்ட்டுல தலைப்பாகையோட எந்திரிச்சு நின்னு நான் வாதாடினப்ப, வெள்ளைக்காரச் சட்டம் படிச்ச ஜட்ஜெல்லாம் தலையாட்டினதைப் பார்த்தியா இல்லையா? அந்த நாகராசுவை இப்ப சாக்குத் தூசிக்கு நடுவுல உட்கார்ந்து பாடம் கேளுங்கிற. போன ஞாயிறு நீ வந்து இடம் பார்த்துட்டு, எலிமெண்டரி ஸ்கூல்லேருந்து பெஞ்சு இரவல் கேட்டியாமே! அந்தப் பெஞ்சுல உட்கார்ந்தா முழங்கால் வந்து மோவாயில இடிக்கும்யா. சிலேட்டும் குச்சியும் நாமளே கொண்டாரணுமா, இல்ல நீ தருவியான்னு இங்க ஒருத்தன் கேட்டான். ரூமே சிரிச்சுச்சு.

சட்டம் மாறட்டுமே. நியாயமா மாறிப்போச்சு? பத்திரம்னா பத்திரம், சாட்சின்னா சாட்சி. இப்ப ஒரு கேசு வந்திருக்கு, கேளு. இலுப்பூர்ப் பக்கத்துல ராக்காயின்னு ஒரு பொம்பளை. புருசன் செத்துட்டான், பிள்ளை கிடையாது. ஒரு கிணத்துப் புஞ்சையை வச்சுக்கிட்டுத் தானே ஏத்தம் இறைச்சுப் பொழைக்குது. புருசனோட தம்பி இருளாண்டி, "எங்களுக்குள்ள பாகமே பிரியல, நிலம் பூரா எனக்குத்தான்"னு முன்சீப் கோர்ட்டுல வழக்குப் போட்டிருக்கான். அண்ணனும் தம்பியும் தனித்தனியாத் தீர்வை கட்டின ரசீது என் கையில இருக்கு. இதுக்கு மெட்ராஸ் சட்டம் எதுக்கு, மண்டி மாடி எதுக்கு?

ஞாயித்துக்கிழமை எனக்குக் கறி தின்னுட்டுத் தூங்குற நாள். அதைக் கெடுக்காத.

இப்படிக்கு,
இன்னும் வக்கீலாகவே இருக்கிற நாகராசு


புதுக்கோட்டை,
29-9-1949

ஜெய்னு,

நம்ம சண்டையை ஓரமா வச்சுட்டு எழுதுறேன். ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கு.

ராக்காயி கேசு தோத்துப் போச்சு. போன மாசம் தீர்ப்பு. முன்சீப் சின்னப் பையன், தஞ்சாவூர்ப் பக்கம், நம்ம ஊர்த் தீர்வை ரசீதைப் பார்த்து இது என்னங்கிறான். போகட்டும், அப்பீல்ல ஜெயிக்கிற கேசு இது, நீயே ரசீதைப் பார்த்தாச் சொல்லுவ. மனுவெல்லாம் எழுதி முடிச்சுத் தயாரா வச்சிருக்கேன். தசரா முடிஞ்சு கோர்ட்டு திறக்கவும் புதன்கிழமை நானே எடுத்துக்கிட்டு வாரேன். நீ திருச்சியில தாக்கல் பண்ணிரு.

இங்க தசரா லீவு. என்னென்னத்தையோ மாத்துன மகராசனுக இதை மட்டும் இந்த வருசம் விட்டு வச்சிருக்கானுக. ஊரெல்லாம் கூட்டம். ராக்காயி திங்கக்கிழமை வந்துச்சு, இலுப்பூர்ப் பக்கத்துலேருந்து நடந்தே வந்திருக்கு. "அப்பீல் போட்டாச்சுங்களாய்யா, கெடு கிடு இருக்கும்பாங்களே"ன்னு கேட்டுச்சு. "தசராவுல எந்தக் கெடுவும் நடக்காது தாயி, திறக்கிற அன்னிக்குப் போட்டாப் போதும். நீ பாட்டுக்கு அம்மனைக் கும்பிட்டுட்டு ஊருக்குப் போ"ன்னு அனுப்பி வச்சேன். நாம எத்தனை வருசம் அப்படிப் பார்த்திருக்கோம்! தசராவுக்கு மறுநாள் சீப் கோர்ட்டு மேசையில மனு மலையாக் குவிஞ்சு கிடக்குமே, ஞாபகம் இருக்கா?

உன் வகுப்பு ஜோரா நடக்குதுன்னு மண்டிக்காரர் சொன்னாரு. வக்கீலுக எல்லாம் கையைத் தூக்கிக் கேள்வி கேக்குறாங்களாமே. நரைச்ச மீசையோட கையைத் தூக்குற அழகைப் பார்க்கவாவது ஒரு நாள் வரணும்.

புதன்கிழமை உன் வீட்டுலதான் சாப்பாடு. நல்ல மீனா வாங்கி வைக்கச் சொல்லு.

நாகராசு


திருச்சி,
1-10-1949

நாகு,

உன் கடுதாசி இப்பத்தான் வந்துச்சு. படிச்ச கையோட எழுதுறேன். கெடு முடிஞ்சு போச்சுய்யா. போன செவ்வாய்க்கிழமையோட முடிஞ்சு போச்சு. திங்கக்கிழமை அந்தம்மா வந்து உன் வாசல்ல நின்னு கேட்டப்ப இன்னும் ஒரு நாள் மிச்சம் இருந்திருக்கு. அன்னிக்கே பஸ் ஏறியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது.

தசரா பூராவும் கோர்ட்டை மூடுறது நம்ம ராஜா வழக்கம். திருச்சிக்கு அது கிடையாது. இங்க சரசுவதி பூசைக்குத்தான் லீவு, செவ்வாய்க்கிழமை கோர்ட்டு நடந்துச்சு, நானே ரெண்டு கேசு பேசினேன். மனுவை எந்தக் கோர்ட்டுல போடணுமோ, அந்தக் கோர்ட்டு மூடியிருந்தாத்தான் திறக்கிற அன்னிக்குப் போடலாம்ங்கிற சலுகை. உன் ஊர்க் கோர்ட்டு பூட்டிக் கிடந்து என்ன பிரயோசனம்? போன மாசம் இதைப் பத்தித்தான் வகுப்புல பாதி நேரம் பேசினேன். "தசரா வருது, ஜாக்கிரதை"ன்னு கரும்பலகையில எழுதிப் போட்டேன். நீ கறி தின்னுட்டுத் தூங்கியிருப்ப.

சரி, இப்ப திட்டி ஆகப்போறது ஒண்ணுமில்ல. வழி இருக்கு. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தாக் கோர்ட்டு மன்னிச்சு அப்பீலை எடுத்துக்கும். காரணத்தைச் சத்தியம் பண்ணி அபிடவிட்டா எழுதிக் கொடுக்கணும். வக்கீல் கள்ளமில்லாமப் பண்ணின தப்புக்குக் கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாதுன்னு தீர்ப்புகள் இருக்கு, எடுத்து வச்சிருக்கேன். நீ உன் பேர்ல எழுது. பழைய சமஸ்தான வழக்கம்தான்னு நினைச்சு இருந்துட்டேன், புதுச் சட்டம் எனக்குத் தெரியலைன்னு எழுது. ரெண்டே வரி, உண்மையும் அதுதான். மீன் சாப்பாட்டை விடு. கோர்ட்டு திறக்கவும் நீ இங்க நிக்கணும், போற ஒவ்வொரு நாளுக்கும் கணக்குக் கேட்பாங்க.

ஜெய்னு


புதுக்கோட்டை,
5-10-1949

ஜெய்னு,

ரெண்டே வரியா? சொல்றவனுக்கு ரெண்டு வரி. எனக்கு அது மரண சாசனம்.

"எனக்குச் சட்டம் தெரியாது"ன்னு ஒரு வக்கீல் சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடுறதா! அது கோர்ட்டுக் கட்டுல கிடக்கும். இருளாண்டியோட வக்கீல் நகல் எடுப்பான். அவன் உன் வகுப்புக்கு வர்ற ஆளு, தெரியும்ல? அடுத்த ஞாயிறு உன் மண்டி மாடியில அதைத்தான் பாடமா வாசிப்பானுக. அப்புறம் எந்தக் கட்சிக்காரன் என் படி ஏறுவான்? நான் என்ன திருச்சிக்கு ஓடி வந்து பொழைச்சுக்கவா முடியும்? எனக்கு இந்த ஊரை விட்டா வேற ஊர் கிடையாது.

நான் வேற மாதிரி முடிச்சுட்டேன். தசரா பூராவும் ராக்காயிக்குக் கடுமையான காய்ச்சல், எந்திரிக்க முடியாமப் படுத்த படுக்கையா இருந்துச்சு, அதனால வக்கீலைப் பார்க்க முடியல. அபிடவிட்டு எழுதியாச்சு, ஒரு வைத்தியர்கிட்டச் சர்டிபிகேட்டும் வாங்கியாச்சு. ராக்காயி வந்து கைநாட்டு வச்சிருச்சு. "இதுல என்னங்கய்யா எழுதியிருக்கு"ன்னு கேட்டுச்சு. "உனக்கு வேண்டியதைத்தான் எழுதியிருக்கு, வை"ன்னேன். வச்சுட்டுக் கும்பிட்டுட்டுப் போச்சு. எந்த ஊர் வக்கீல் இதைப் பண்ணல? நீ பண்ணினதே இல்லையா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லு.

என் குமாஸ்தா திருப்பதி கட்டை எடுத்துக்கிட்டு வர்றான். மறு பேச்சுப் பேசாமத் தாக்கல் பண்ணிரு.

நாகராசு


திருச்சி,
7-10-1949

திரு. நாகராசு அவர்களுக்கு,

கட்டைத் திருப்பதி கையிலேயே திருப்பிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அந்த அபிடவிட்டை நான் தாக்கல் பண்ண மாட்டேன்.

நான் பண்ணினதே இல்லையான்னு கேட்ட. இளவயசுல ஒரு தடவை பண்ணினேன், அதுக்கப்புறம் இல்ல. அது கிடக்கட்டும். அந்தம்மாவை நாளைக்குக் கூண்டுல ஏத்திக் கேள்வி கேட்டா என்ன சொல்லும்? அதுக்கு என்ன எழுதியிருக்குன்னே தெரியாது. உனக்குப் போறது மரியாதை. அதுக்குப் போறது சோறு. இந்த வித்தியாசம் உனக்குத் தெரியலேன்னா, நீ வகுப்புக்கு வந்தும் ஒண்ணும் கத்துக்கிட்டிருக்கப் போறதில்ல.

உன் நண்பன்னு சொல்லிக்க வெட்கமா இருக்கு.

ஜெய்னுலாப்தீன்


திருச்சி,
18-1-1950

நாகு,

மூணு மாசமா நமக்குள்ள பேச்சு இல்ல. இன்னிக்கு எழுதாம இருக்க முடியல. நான் திருப்பி விட்டதும் நீ இங்க மலையாண்டிங்கிற வக்கீலை அமர்த்தித் தாக்கல் பண்ணினது எனக்குத் தெரியும். அவன் உனக்குத் தந்தி அடிச்சிருப்பான். ஆனா நடந்ததைப் பூராவும் சொல்லியிருக்க மாட்டான். நான் வேற கேசுக்காகப் பின் வரிசையில உட்கார்ந்திருந்தேன்.

அபிடவிட்டு கொடுத்தவளைக் கூண்டுல ஏத்தி விசாரிக்கணும்னு எதிர்க்கட்சி வக்கீல் கேட்டார். ஏத்தினாங்க. ராக்காயி நல்ல சீலையா உடுத்திக்கிட்டு வந்திருந்துச்சு.

"தசராவுல கடுமையான காய்ச்சலாம்மா?"

"யாருக்குங்க?"

"உனக்குத்தான்."

"எனக்கு என்ன நோவு? நல்லாத்தேன் இருந்தேன். தசராவுக்குப் புதுக்கோட்டைக்கு நடந்து போனேன். வக்கீலய்யாவைப் பார்த்துக் கெடு இருக்கான்னு கேட்டேன். அம்மனைக் கும்பிட்டுட்டு ஊருக்குப் போன்னாரு. கும்பிட்டுட்டுப் போனேங்க."

கோர்ட்டு பூராவும் சிரிச்சுச்சு மாப்ளே. எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு தெரியாம அந்தம்மாவும் சேர்ந்து சிரிச்சுச்சு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். மலையாண்டி எந்திரிச்சுக் கட்டைப் புரட்டிட்டு மறுபடி உட்கார்ந்துட்டான்.

மனுத் தள்ளுபடி. அப்பீல் போச்சு, கிணத்துப் புஞ்சை இருளாண்டிக்கு. அதோட விடல. கோர்ட்டுக்குப் பொய்ச் சத்தியம் கொடுத்ததுக்காக ராக்காயி மேல மாஜிஸ்திரேட்டுக்குப் புகார் எழுதிட்டாங்க. பிப்ரவரி பதிமூணாம் தேதி விசாரணை. நான் காசு வாங்காம அதுக்கு வக்காலத்துப் போட்டிருக்கேன்.

அதைக் காப்பாத்த ஒரே ஒரு சாட்சிதான் இருக்கு, அது நீ. இதை எழுதினவன் நான், அவளுக்கு எதுவும் தெரியாது, வாசிச்சுக்கூடக் காட்டலேன்னு நீ கூண்டுல ஏறிச் சொல்லணும். உன் சன்னது போகலாம். உன் மேலேயே வழக்கு வரலாம். மறைக்க விரும்பல. வருவியா?

ஜெய்னு


புதுக்கோட்டை,
27-1-1950

ஜெய்னு,

எழுதிக் கிழிச்சு, எழுதிக் கிழிச்சு, இது எத்தனாவதுன்னு தெரியல.

திருச்சியில தள்ளுபடியான அன்னிக்கு ராக்காயி ஊருக்குப் போகல. நேரா என் வீட்டுக்கு வந்துருச்சு. வாசல்ல நின்னு, "நான் ஏதும் தப்பாப் பேசிட்டேனாங்கய்யா? எல்லாரும் சிரிச்சாங்களே"ன்னு கேட்டுச்சு. திட்டியிருந்தாத் தாங்கியிருப்பேன். மண்ணை அள்ளித் தூத்தியிருந்தாத் தாங்கியிருப்பேன். சொர்ணவல்லி கூப்பிட்டு உள்ளே உட்கார வச்சுச் சோறு போட்டுச்சு. ராக்காயி சாப்பிட்டுட்டு எலையை எடுத்துப் போட்டுட்டு, "சரிங்கய்யா, அப்ப நான் வாரேன்"னு போயிருச்சு. இருளாண்டி மறுநாளே அந்தக் கிணத்துல ஏத்தம் கட்டிட்டானாம். இப்ப அது அடுத்தவன் காட்டுல களை எடுக்கப் போகுது.

சொர்ணவல்லி அன்னியிலேருந்து என்கிட்டப் பேசல. நேத்துத்தான் வாயைத் திறந்துச்சு. "போய்ச் சொல்லிட்டு வாங்க. கஞ்சி குடிச்சுப் பொழைச்சுக்கலாம்"னுச்சு. அம்புட்டுத்தான்.

வாரேன் ஜெய்னு. பதிமூணாம் தேதி முதல் பஸ்ல வாரேன். பயமா இருக்குய்யா, உன்கிட்டச் சொல்றதுக்கு என்ன. எத்தனையோ பேரைக் கூண்டுல ஏத்தி உலுக்கியிருக்கேன். நான் ஏறினதில்ல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அன்னிக்கு அங்க நம்ம ஊர் வக்கீலுக யாரும் இருக்கக் கூடாது. மாஜிஸ்திரேட் இருக்கட்டும், போலீஸ் இருக்கட்டும், முன்னப்பின்ன தெரியாதவன் எத்தனை பேர் வேணாலும் இருக்கட்டும். நம்மாளுக மட்டும் வேணாம். இதை மட்டும் பார்த்துக்க.

நாகராசு


திருச்சி,
13-2-1950

நாகராசு,

நீ வரல.

பத்து மணியிலேருந்து வாசலையே பார்த்துக்கிட்டு நின்னேன். ஒவ்வொரு பஸ்ஸா வந்துச்சு, போச்சு. கேசைக் கூப்பிட்டாங்க. சாட்சி வழியில இருக்கார், மத்தியானம் வரை தவணை கொடுங்கன்னு கேட்டேன். கொடுத்தாங்க. மத்தியானமும் நீ வரல. இன்னொரு தேதி கேட்கலாம்னு நான் எந்திரிக்கிறேன், அதுக்குள்ள ராக்காயி வாயைத் திறந்துருச்சு.

"நான்தேன் காய்ச்சல்னு எழுதச் சொன்னேன் சாமி. வக்கீலய்யா மேல ஒரு தப்பும் இல்ல."

நான் பதறிப்போய், "அம்மா, சும்மா இரு"ங்கிறேன். கேக்கல. மாஜிஸ்திரேட் ரெண்டாந்தடவை, "யோசிச்சுத்தான் சொல்றியா"ன்னு கேட்டார். "ஆமாங்க. இனிமே என்னை இங்கிட்டும் அங்கிட்டும் நடக்க விடாதீங்க. எனக்குக் களையெடுப்பு கெடுது"ன்னுச்சு. மூணு மாசம் போட்டுட்டாங்க. களையெடுப்புக்குப் போகணும்னு கேட்ட பொம்பளையைப் பெண்கள் ஜெயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.

வெளிய வர்றப்ப நான் கேட்டேன், ஏம்மா இப்படிச் சொன்னன்னு. "அந்த மனுசன் வரமாட்டாருன்னு எனக்குத் தெரியும். வந்தாப் பொழப்புப் போயிருமே. எனக்குத்தான் போயிருச்சு, இன்னொருத்தருக்கும் எதுக்கு"ன்னுச்சு. அந்தம்மா சாப்பிட்ட சோத்துக்கு நன்றி சொல்லுச்சா, உன்னைக் காறித் துப்புச்சான்னு எனக்குப் புரியல. உனக்குப் புரிஞ்சா வச்சுக்க.

ஜெய்னுலாப்தீன்


புதுக்கோட்டை,
15-2-1950

ஜெய்னுலாப்தீன்,

நான் வந்தேன்.

முதல் பஸ்ல வந்தேன். ஒன்பதரைக்குக் கோர்ட்டுக் காம்பவுண்டுக்குள்ள இருந்தேன். புளியமரத்துக்கு அங்கிட்டு நின்னு பார்த்தேன். வராண்டாவுல வரிசையா உட்கார்ந்திருந்தானுக. உன் மண்டி மாடி வகுப்பு, ஒரு ஆள் குறையாம. மடியில நோட்டுப் புஸ்தகம், காதுல பென்சில். இருளாண்டி வக்கீலும் இருந்தான். "இன்னிக்கு என்னய்யா பாடம்"னு ஒருத்தன் கேட்டான். "நம்ம நாகராசுதான்"னான் இன்னொருத்தன். அம்புட்டும் என் காதுல விழுந்துச்சு.

எது வேணாம்னு உன் காலைப் பிடிக்காத குறையாக் கேட்டேனோ, அதைத்தான் கூட்டி வச்சிருந்த. நான் என்ன நீ எழுதிக் காட்டுற கரும்பலகையா? ஒரு பொம்பளை ஜெயிலுக்குப் போகுது, உனக்கு அதுல வகுப்பு நடக்கணுமா? அடப் பாவி!

கால் நகரலய்யா. பொய் சொல்லல. அவனுகளைத் தாண்டி உள்ளே போக வேண்டிய தூரம் எவ்வளவு, நாலு தூண் இருக்குமா? போக முடியல. அவனுக சிரிப்பானுகன்னு அவ்வளவு பயம். திரும்பி பஸ் ஏறிட்டேன். நீ அவனுகளைக் கூட்டி வந்தது உன் பாவம். தாண்டிப் போகாதது என் பாவம். ரெண்டையும் சேர்த்து அந்தப் பொம்பளை சுமக்குது.

நடந்ததையெல்லாம் நேத்து என் கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டு, மாஜிஸ்திரேட்டுக்கு ஒண்ணு, மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு ஒண்ணுன்னு ரிஜிஸ்தர் தபால்ல அனுப்பிட்டேன். சன்னதையும் கூட வச்சு அனுப்பிட்டேன். வக்கீல் ரூம்ல எல்லாரும் இருக்கிறப்ப அதை உரக்க வாசிச்சும் காட்டினேன். ஒருத்தனும் சிரிக்கல. அதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு.

இப்ப அந்தத் தண்டனை மேல அப்பீல் போடணும். எந்தக் கோர்ட்டு? எத்தனை நாள் கெடு? ஜெயில்ல இருக்கிறவகிட்ட வக்காலத்து எப்படி வாங்குறது? எனக்குத் தெரியல ஜெய்னு. தெரிஞ்ச மாதிரி எதையும் இனிமே செய்ய மாட்டேன். நீ எழுது, நான் படிச்சுக்கிறேன்.

நாகராசு


திருச்சி,
21-2-1950

நாகு,

அவங்களைக் கூட்டி வந்தது நான்தான். ஒரு வக்கீல் எந்திரிச்சு நின்னு தன் தப்பைச் சொல்றதை அவங்க பார்க்கணும், எந்தச் சட்டப் புஸ்தகத்துலயும் அது கிடைக்காதுன்னு நினைச்சேன். உனக்கு அது பெருமைன்னுகூட நினைச்சேன். நீ வேணாம்னு எழுதினதைப் படிச்சுட்டுத்தான் கூட்டி வந்தேன். வகுப்பு வகுப்புன்னு அலைஞ்சு எனக்குக் கண்ணு மறைஞ்சு போச்சு. போன ஞாயிறு நான் புதுக்கோட்டைக்கு வரல. இனி எப்ப வருவேன்னு தெரியல.

நீ கேட்டதுக்குப் பதில் சொல்றேன். அப்பீல் இங்க செஷன்ஸ் கோர்ட்டுல போடணும். தண்டனை கொடுத்த நாள்லேருந்து ஒரு மாசம் கெடு, நிறைய நாள் இருக்கு. நீ எழுதி அனுப்பினதோட நகல் எனக்குக் கிடைச்சிருச்சு. அது ஒண்ணு போதும், ஒரு வாரத்துல அந்தம்மாவை வெளியே எடுத்துரலாம். உட்கார்ந்து மனுவை எழுதினேன். வக்காலத்துப் பாரத்தையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கிட்டு நேத்து ஜெயிலுக்குப் போனேன்.

மெலிஞ்சு போயிருக்கு. ஆனா தெளிவா இருக்கு. மனுவை ஒரு வரி விடாமத் தமிழ்ல வாசிச்சுக் காட்டினேன். நீ எழுதினதையும் வாசிச்சேன். கன்னத்துல கையை வச்சுக்கிட்டுக் கவனமாக் கேட்டுச்சு.

"வக்கீலய்யாவா இப்படி எழுதியிருக்காரு?"

"ஆமாம்மா."

"பாவம். சொர்ணவல்லியம்மா என்ன பண்ணும்?"

நான் மைப்பெட்டியைத் திறந்து வச்சு, "இங்க கையை வை"ன்னேன். வைக்கல. கையைச் சீலைக்குள்ள வச்சுக்கிச்சு.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. நீங்க வாசிச்சது நல்லாத்தேன் இருக்கு. ஆனா நீங்க வாசிச்சதுதான் அதுல எழுதியிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஆண்டவன் மேல சத்தியமாச் சொல்றேம்மா."

"சத்தியம்னுதானே அதுக்கும் கையை வாங்குனாங்க."

அரை மணி நேரம் கெஞ்சினேன் நாகு. கெடு இருக்கு, சட்டம் இருக்கு, உன் வக்கீலே ஒத்துக்கிட்டான், நீ வெளிய வந்துரலாம்னு எனக்குத் தெரிஞ்ச அம்புட்டையும் சொன்னேன். "இருக்கட்டுங்க. மூணு மாசந்தானே, இருந்துட்டே வாரேன். இனிமே எந்தக் காகிதத்துலயும் நான் கை வைக்க மாட்டேன்"னு சொல்லிட்டு எந்திரிச்சு உள்ளே போயிருச்சு. வார்டரம்மா நேரமாச்சுன்னுச்சு. மைப்பெட்டியை மூடி எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

மனு என் மேசை மேலேயே கிடக்கு. கெடு இன்னும் முடியல.

ஜெய்னு